ஜவுளிக்கடையா, திருப்பூரா, வயலா?

பன்னிரண்டாவது முடித்து மேலே படிக்க வழியில்லாத கும்பகோணம், மன்னார்குடி பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லப்படுவது பெரும்பாலும் மூன்றுதான்: டவுனில் ஜவுளிக்கடை, திருப்பூரில் பனியன் கம்பெனி, இல்லையென்றால் அப்பாவோடு வயல். (சிங்கப்பூரைச் சேர்க்கவில்லை. ஏஜெண்டுக்குக் கட்டும் கடனில் தொடங்கும் அந்தக் கணக்கே வேறு.) எல்லாரும் சம்பளத்தைத்தான் ஒப்பிடுகிறார்கள். நான் நேரத்தைப் பார்க்கிறேன்.

பெற்றவர்கள் ஓட்டு ஜவுளிக்கடைக்கு. வெயில் கிடையாது, ராத்திரி பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும். எனக்கோ மூன்றிலும் மோசம் இதுதான் என்று படுகிறது. காலை ஒன்பதரைக்குப் போனால், கடைசி கஸ்டமர் கிளம்பி, பிரித்துப் போட்ட புடவைகளை மடித்து அடுக்கி முடிக்கப் பத்து மணியாகிவிடும். 1947-இல் வந்த கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம் என்கிறது. ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் திருத்தமே கொண்டுவந்தார்கள். ஸ்டூல் வந்துவிட்டது, சூப்பர்வைசர் பார்க்கும்போது அதில் உட்கார யாருக்குத் தைரியம்?

அதைவிடக் கொடுமை முகூர்த்த மாதங்கள். ஆவணியிலும் தையிலும் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் வரும் நேரத்தில்தான் கடையில் கூட்டம் அலைமோதும். ஊர் கல்யாணத்துக்கெல்லாம் பட்டு எடுத்துக் காட்டுகிறவள், சித்தி மகள் தாலிகட்டுக்குப் போக முடியாது. "உள்ளூர்ல இருந்துகிட்டே வரல" என்ற பேச்சு வருஷக்கணக்கில் நிற்கும்.

திருப்பூரில் இந்தப் பேச்சு கிடையாது. தூரத்தில் இருப்பவன், ஜிபேயில் மொய் வந்தால் போதும். ஆனால் உடம்பு தேயும். எட்டரையிலிருந்து ஐந்தரை வரை ஒரு ஷிப்ட், ராத்திரி எட்டரை வரை இழுத்தால் ஒன்றரை. ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி என்றது 1948 தொழிற்சாலைச் சட்டம். அந்தக் கணக்கில் கூடுதல் மூன்று மணி நேரத்துக்கு முக்கால் ஷிப்ட் வர வேண்டும். கைக்கு வருவது அரை. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தைச் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் நிறைவேற்றியது. எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று வாபஸ் என்று முதல்வர் அறிவித்தார். பவர் டேபிளில், அதாவது தையல் மிஷினில், உட்காருகிறவர்களுக்கு 12 மணி நேரம் ஒன்றும் புதுசு இல்லை. ஆனாலும் சனிக்கிழமை கூலி கையில் விழுகிறது, கடன் அடைகிறது.

வயலில் மணி அடிக்க ஆளில்லை. ஜூன் 12-இல் மேட்டூர் திறக்குமா என்று பார்ப்பதில் தொடங்குகிறது வருஷம். உழவும் அறுப்பும் இப்போது மிஷின்தான். நேரத்தைத் தின்பது காத்திருப்பு. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லைத் திருப்பிக் காயப்போட வேண்டும். மழை வந்தால் தார்ப்பாய், ராத்திரி குவியலுக்குக் காவல். இதையெல்லாம் யாரும் வேலை நேரமாக எழுதுவதில்லை. போதாததற்கு, சாவு, கோயில் காரியம் எல்லாவற்றுக்கும் "நீ ஊர்லதானே இருக்க" என்று முதலில் கூப்பிடுவது இவனைத்தான். பெண் கேட்டுப் போனால் மட்டும், "மாப்பிள்ளை விவசாயமா?" என்று இழுப்பார்கள்.

கடன் இருந்தால் திருப்பூர், அதுவும் அது அடையும் வரை மட்டும். சொந்த நிலமும் போர் தண்ணீரும் இருந்தால் வயல், கூடவே நாலு மாடு. கடைதான் என்று முடிவானால், சேரும் முன்பே முகூர்த்த நாளில் லீவு உண்டா, எடுத்தால் எத்தனை நாள் சம்பளம் பிடிப்பார்கள் என்று கேட்டுவிடுங்கள். ஒரு நாள் லீவுக்கு இரண்டு நாள் பிடிக்கும் கடைகள் உண்டு.