சாந்தமலர் என்ற பெயரோடு ஓர் ஆயுள்: பயன்படுத்தியவள் சொல்வது

சிநேகிதி ஒருத்தியின் மகள் கேட்டதற்காக இதை எழுதுகிறேன். அவளுடைய பெண் குழந்தைக்கு முப்பத்தொன்று, அதாவது பெயர் வைக்கும் முப்பத்தோராம் நாள், நெருங்குகிறது. சதய நட்சத்திரம், 'ச' வரிசையில் பெயர் தேடுகிறார்கள். "அன்ரி, உங்கட பெயரையே வைக்கட்டோ? உங்கட குணத்துக்கு அது எவ்வளவு பொருத்தம்!" என்று ஆசையாகக் கேட்டாள். வைக்கலாமா என்ற கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்லியிருப்பேன். குணத்துக்குப் பொருத்தம் என்றாளே, அதற்குத்தான் இவ்வளவு நீளம் தேவைப்படுகிறது.

சாந்தமலர். தமிழில் ஆறு எழுத்து. கூப்பிட இலகு, பிழையாக எழுத இடமில்லை. வீட்டில் மலர், ஊரில் சாந்தா, பள்ளிக்கூடத்தில் மலர் ரீச்சர். கேட்பதற்கு வடிவான பெயர். இவ்வளவும் யாருக்கும் தெரிந்ததுதான்.

நெடுக என்னை அரித்துக்கொண்டிருக்கும் விசயம் வேறு. நான் பொறுமையாக இருந்தால் புகழ் பெயருக்குப் போகிறது. நான் கோபப்பட்டால் பழி எனக்கு வருகிறது.

ஒரு வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். சித்திரை வெயில், மின்விசிறி இல்லை, பின்வாங்கில் ஓயாத குழப்படி. கத்தாமல், கை நீட்டாமல் அந்தப் பாடத்தை முடிப்பது லேசான காரியமில்லை. எந்தப் பிள்ளை ஏன் குழப்புகிறது, எவன் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறான், யாருடைய வீட்டில் இரவு சண்டை என்று பார்த்துப் பார்த்து, வருசக்கணக்காகப் பழகித்தான் எனக்கு அந்தப் பொறுமை வந்தது. ஆனால் வெளியே வந்தால் "ரீச்சருக்குப் பெயருக்கேற்ற குணம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். நான் பாடுபட்டுத் தேடியதை, பிறந்து ஒரு மாதத்தில் யாரோ வைத்த பெயர் எடுத்துக்கொண்டு போய்விடும்.

மறுபக்கம் இன்னும் மோசம். ஒரு கந்தோரில் ஏற்கெனவே கொடுத்த படிவத்தைத் திரும்பவும் நிரப்பித் தரச் சொன்னார்கள். முன்பு கொடுத்தது எங்கே போனது என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கும். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் அடையாள அட்டையைப் பார்த்தார். "பெயர் சாந்தமலர், கதை மட்டும் நெருப்பு" என்றார். பக்கத்து மேசைகளில் சிரிப்பு. என் கேள்விக்குப் பதில் வரவில்லை. ஆசிரியர் கூட்டங்களிலும் இதே கதைதான். நியாயமான ஒன்றைக் கேட்க எழும்பினால், "பெயருக்கேற்ற மாதிரிக் கொஞ்சம் சாந்தமாய் இருங்கோ ரீச்சர்" என்று ஒருவர் சொல்வார். பேச்சு விசயத்தை விட்டு என் பெயருக்குத் திரும்பிவிடும். ஒரு மனுசியின் கோபத்தைச் செல்லாக் கோபமாக்க இதைவிடச் சுகமான வழி இல்லை. சாந்தன், சாந்தகுமார் என்று எங்கள் ஊரில் ஆண்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் யாராவது இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

சரி, பெயர் குணத்தைச் சொல்லுமா? நான் படித்த வகுப்பிலேயே இன்னொரு சாந்தமலர் இருந்தாள். இடாப்பில், அதாவது வகுப்பு வரவுப் பதிவேட்டில், எங்கள் இருவரையும் தகப்பன்மாரின் முதலெழுத்தை வைத்துத்தான் பிரித்தார்கள். அவள் வாய் திறந்தால் மதில் தாண்டிக் கேட்கும். நானோ யாராவது கேட்டால் மட்டும் பதில் சொல்லும் ஆள். அவள் மனதில் எதையும் வைத்திருக்கமாட்டாள், பின்னேரமே மறந்துவிடுவாள். நான் வருசக்கணக்காக வைத்திருப்பேன். பெயர் ஒன்று, வயது ஒன்று, ஊர் ஒன்று. எங்களில் யாருடைய குணத்தை அந்தப் பெயர் சொன்னது?

பிறகு நானே இடாப்பு கூப்பிடும் இடத்துக்கு வந்தேன். நகுலேஸ்வரி என்றால் கீரிமலைப் பக்கத்துச் சொந்தம் இருக்கும், நாகபூசணி என்றால் நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி வைத்த வீடாக இருக்கும், வல்லிபுரம் என்ற பாட்டனார் உள்ள பிள்ளை வடமராட்சிப் பக்கம் என்று ஓரளவுக்கு ஊகிக்கலாம். பரமேஸ்வரிகளும் தவமணிகளும் தாய்மாருக்கான இடத்துக்குப் போய், டிலக்சன், நிரோஜன், தர்சிகா என்று இடாப்பு மாறியபோது, பெயரைப் பார்த்தே பிள்ளை எந்தக் காலத்தில் பிறந்தது என்று சொல்ல முடிந்தது. கோயில், ஊர், காலம், சமயம் எல்லாம் பெயரில் இருந்தன. பிள்ளை களவாகப் பார்த்து எழுதுமா, பக்கத்துப் பிள்ளைக்குச் சோறு பகிருமா என்பது மட்டும் இல்லை.

இருந்தும் ஆசிரியர் ஓய்வறையில் பேச்சு ஓயாது. "இந்தப் பெயருள்ள பெடியன்கள் எல்லாம் ஒரே குழப்படி" என்பார் ஒருவர். இது வெறும் ஊர்க்கதையாக இருந்தால் விட்டுவிடலாம். 1973இல் அமெரிக்காவில் ஹராரி, மக்டேவிட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சிறுவர்களின் கட்டுரைகளை ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். தரத்தில் வித்தியாசமில்லாத கட்டுரைகள், மேலே எழுதிய பெயர்தான் வேறு. டேவிட், மைக்கேல் என்று பெயர் இருந்தவற்றுக்கு, எல்மர், ஹியூபர்ட் என்று இருந்தவற்றைவிடக் கூடப் புள்ளி விழுந்தது. 2004இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில் பொஸ்டன், சிக்காகோ நகரங்களில் ஏறக்குறைய 5,000 விண்ணப்பங்களை வேலைகளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். வெள்ளையர் பெயர் போலத் தெரிந்தவற்றுக்கு, கறுப்பினத்தவர் பெயர் போலத் தெரிந்தவற்றைவிட 50 வீதம் அதிகமாக அழைப்பு வந்தது. பெயர் குணத்தைக் காட்டியிருக்கிறது, ஆனால் அது பெயரை வாசித்தவரின் குணம்.

அப்புறம் எண் சாத்திரம். ஓய்வூதியக் கோவைக்காகப் பத்திரங்களை ஒன்று சேர்த்தபோது, பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் என் பெயரின் ஆங்கில எழுத்து ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி. முதல் எழுத்து 'எஸ்'ஸுக்குப் பின்னால் அட்டையில் ஓர் 'எச்' ஏறியிருந்தது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டியதாயிற்று. அந்த நேரம் பார்த்துத் தெரிந்த ஒருவர், எந்த எழுத்து நல்லது என்று எண் பார்த்துச் சொல்கிறேன் என்று வந்தார். அயர்லாந்துக்காரச் சோதிடர் கீரோ பரப்பிய கணக்கு அது. ஏ, ஐ, ஜே, கியூ, வை எல்லாவற்றுக்கும் 1, எச்சுக்கு 5 என்று ஆங்கில எழுத்துகளுக்குத்தான் அதில் எண். அட்டையில் ஏறிய அந்த 'எச்' இல்லாமல் கூட்டினால் என் பெயர் 30, அதாவது 3, குருவின் எண். அந்த ஓர் எழுத்தைச் சேர்த்தால் 35, அதாவது 8, சனி. அடையாள அட்டையோடு வங்கிக்குப் போகும்போது சனியின் குணம், பிறப்புப் பத்திரத்தோடு போகும்போது குருவின் குணம் என்று ஒரு மனுசிக்கு மாறி மாறி வருமா? அட்டைக்கு எழுதிய யாரோ ஒருவரின் பேனா என் குணத்தைத் தீர்மானிக்குமா? தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழில் வைத்த பெயரை ஆங்கில எழுத்தால் எடை போடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. இதற்காகக் காசு கொடுத்துப் பிள்ளையின் பெயருக்குள் தேவையில்லாத எழுத்தைச் செருகும் பெற்றோரைக் காணும்போது மனம் நோகிறது. பின்னால் ஒவ்வொரு கந்தோரிலும் அலையப்போவது அந்தப் பிள்ளைதான்.

இவ்வளவு ஆத்திரத்துக்கும் நடுவில் இந்தப் பெயர் எனக்குத் தந்த ஒரு நன்மையைச் சொல்லாவிட்டால் அது நியாயமில்லை. நான் பிறந்தது 1958. அந்த வருசம் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் கொழும்பிலிருந்து கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கிய சனத்தில் என் அம்மாவும் ஒருவர். வயிற்றில் நான். உடுத்த சேலையோடு வந்தார். அப்பா எங்கே என்று கொஞ்ச நாள் தெரியாது. நான் பிறந்தபோது அம்மம்மாதான் பெயர் வைத்தார். என் குணம் அவருக்கு எப்படித் தெரியும்? முகம்கூட அப்போது சரியாகத் திரண்டிருக்காது. அந்த வருசம் அந்த வீட்டில் எது இல்லாமல் போனதோ, அதை எடுத்து எனக்குப் பெயராக வைத்தார். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோதெல்லாம் அவர் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். இது விளங்கிய பிறகு, பெயர் ஒன்றும் சொல்லாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. என்னைப் பற்றித்தான் சொல்லவில்லை. வைத்தவரைப் பற்றி நிறையச் சொல்கிறது.

அப்படிப் பார்க்கத் தொடங்கினால் யாழ்ப்பாணத்துப் பெயர்கள் எல்லாம் வாய் திறக்கும். 1841இல் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகையின் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். இருவரும் யாழ்ப்பாணத் தமிழர். அமெரிக்க மிஷன் பள்ளிகளில், கடல் கடந்து படிப்புச் செலவு அனுப்பியவர்களின் பெயர்களை எங்கள் பிள்ளைகளுக்கு வைக்கும் வழக்கம் இருந்தது. 1824இல் தொடங்கிய உடுவில் மகளிர் பள்ளியிலும் அதே வழக்கம்தான். அந்தப் பெயர்களில் தெரிவது பிள்ளையின் மனம் இல்லை, பணம் வந்த திசை.

பழைய காணி உறுதிப் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். ஒரே முருகன் பெயர்தான், ஒருவருக்குக் கந்தர் என்றும் இன்னொருவருக்குக் கந்தன் என்றும் எழுதியிருக்கும். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த பிள்ளைக்குச் சாமி, பிள்ளை என்று முடியும் பெயரை வைக்க விடாமல், வெட்டிக் குறைத்துப் பதிந்த காலம் இங்கே இருந்தது. அந்த 'ன்' அந்த மனிதரின் குணமா? எழுதியவரின், எழுதச் சொன்ன ஊரின் குணம் அது. பெயரில் குணம் தெரியும் என்று இலேசாகச் சொல்பவர்கள், அந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று ஒரு தரம் யோசிக்க வேண்டும்.

குணத்தைச் சொல்லும் பெயரே கிடையாதா? உண்டு. அது பின்னால் வருவது. எங்கள் ஊரில் பட்டம் தெளிப்பார்கள். ஒருவருடைய நடை, பேச்சு, கஞ்சத்தனம், வீரம் எல்லாவற்றையும் பார்த்த பிறகு ஊர் கூடி வைக்கும் பெயர் அது. சில பட்டங்கள் கொடுமையானவை. ஆனாலும் ஆளைப் பார்த்து வைத்தவை. பெரிய அளவில் பார்த்தால் நாவலர் என்பதும் அப்படி வந்ததுதான். 1822இல் நல்லூரில் கந்தர் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு ஆறுமுகம் என்று வைத்தார்கள். கந்தசுவாமி கோயில் இருக்கும் ஊரில் ஆறுமுகங்களுக்கா பஞ்சம்? அந்தப் பெயரிலிருந்து வீட்டின் பக்தி மட்டும் தெரியும். 1849இல் அவர் பேச்சைக் கேட்ட பின் திருவாவடுதுறை ஆதீனம் கொடுத்த நாவலர் என்ற பட்டத்தில்தான் ஆள் தெரிகிறார்.

எதிர்ப்பக்கத்துக்கும் இடம் கொடுக்கிறேன். 2017இல் வெளியான ஓர் ஆய்வில், இஸ்ரேலிலும் பிரான்சிலும் முன்பின் தெரியாதவர்களின் படங்களைக் காட்டி, கொடுத்த சில பெயர்களில் இவருடையது எது என்று கேட்டார்கள். குருட்டாம்போக்கில் சொன்னால் எவ்வளவு சரிவருமோ, அதைவிடக் கூடுதலாகச் சரியாகச் சொன்னார்கள். 2024இல் அதே ஆய்வாளர்களில் சிலர் தொடர்ந்து பார்த்தபோது வளர்ந்தவர்களின் முகத்துக்கும் பெயருக்கும் பொருத்தம் தெரிந்தது, சிறுவர்களின் முகத்தில் தெரியவில்லை. அப்படியானால் பெயர் பிறக்கும்போது எதையும் காட்டுவதில்லை. போகப் போக, மற்றவர்கள் எதிர்பார்த்து எதிர்பார்த்து, ஆளின் மேல் படிகிறது போலும். இதைப் படித்த பிறகு எனக்குள் ஒரு கேள்வி நிற்கிறது. "பெயருக்கேற்ற மாதிரி இருங்கோ" என்று ஆயுள் முழுக்கச் சொன்னார்களே, அந்தக் கூட்டங்களில் நான் விழுங்கிய சொற்களில் எத்தனை என் பொறுமையால் விழுங்கியவை, எத்தனை அந்தப் பெயருக்காக விழுங்கியவை? பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. முகம் மாறலாம் என்றால் குரலும் தணிந்திருக்கலாம்.

ஆகவே பிள்ளை, கேட்டதற்குப் பதில் இதுதான். இந்தப் பெயரை எனக்குப் பிடிக்கும். அம்மம்மாவின் வாயிலிருந்து வந்தது, எந்தச் சாத்திரியார் சொன்னாலும் ஓர் எழுத்தும் மாற்றமாட்டேன். ஆனால் உன் மகளுக்கு வைக்காதே. சாந்தி, சாந்தினி என்று அந்தப் பக்கமே போகவேண்டாம். ஒரு பெண் பிள்ளைக்கு நாங்கள் ஆசைப்படும் குணத்தைப் பெயராக வைத்தால், அவள் நியாயம் கேட்க வாய் திறக்கும் ஒவ்வொரு நாளும் அதைக் காட்டி அடக்க ஓர் ஆள் வருவான். சாமுண்டி என்று வை, சங்கரி என்று வை. அம்மனுக்குக் கோபம் வரும் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் அந்தப் பெயர்களைச் சொல்லி யாரும் ஒரு பெண்ணை அடக்கியதை நான் காணவில்லை. இரண்டுக்கும் 'ச' வரிசை சரிவரும். வாக்கிய பஞ்சாங்கத்தில் ஒரு நட்சத்திரப் பாதமும் திருக்கணித பஞ்சாங்கத்தில் இன்னொரு பாதமும் வந்து எழுத்து மாறினால் இரவிரவாக முழித்திருந்து குழம்பாதே, உனக்குப் பிடித்ததை எடு. பிறப்புப் பதிவுக்குப் போகும்போது ஆங்கில எழுத்தை ஒரு தாளில் தெளிவாக எழுதிக் கொண்டுபோ. பதிந்த பிறகு அந்த இடத்திலேயே ஒவ்வோர் எழுத்தாகப் பார், பிழை என்றால் அங்கேயே திருத்தச் சொல். சத்தமாகச் சொன்னாலும் பரவாயில்லை.