லைட்னிங் டிரக்ல பெட் கேப், மேல டென்ட், கேம்பிங் சாமான்: ரேஞ்ச் எதனால குறையுது

டிரக் பின்னாடி சாமான் ஏத்தற திறந்த தொட்டிதான் பெட், அதுக்குக் கூரை மாதிரி போடற மூடிதான் கேப். கேப் போட்டா ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜுக்கு ஓடற தூரம், எவ்ளோ அடி வாங்கும்னு நிறைய பேர் கேட்டுட்டே இருக்காங்க, ஆளாளுக்குத் தனியா டைப் பண்ண கை வலிக்குது, அதனால மொத்தமா எழுதிடறேன். வண்டி 2023 ஃபோர்டு எஃப்-150 லைட்னிங், எலக்ட்ரிக் பிக்அப் டிரக், லாரியட் மாடல், பெரிய பேட்டரி. 131 கிலோவாட் அவர். இனிமே யூனிட்னே எழுதறேன், ஊர்ல கரண்ட் பில்லுல வர்ற அதே யூனிட்தான். இருக்கறது கலிஃபோர்னியா, ஃப்ரீமான்ட். ஸ்டிக்கர்ல 320 மைல்னு போட்டிருக்கும், அது சிட்டி ஹைவே ரெண்டையும் கலந்து வர்ற கணக்கு, மணிக்கு 70 மைல்ல க்ரூஸ் போட்டு உக்காந்தா கேப் இல்லாமலே யூனிட்டுக்கு 2.1 மைல் பக்கம்தான் வருது, அப்போ முழு பேட்டரிக்கு 275 கிட்ட. இதை முதல்ல மண்டையில ஏத்திக்கங்க, ஏன்னா கேப் போட்ட அடுத்த நாளே 320 வரலன்னு கேப்பைத் திட்டற ஆளுங்களை நிறைய பாத்துட்டேன்.

நான் போட்டது ஃபைபர்கிளாஸ் கேப், கேபின் கூரை உயரத்துக்கே சமமா நிக்கற டைப். கிட்டத்தட்ட 200 பவுண்ட். லைட்னிங்கோட பெட்டும் பெட்ரோல் எஃப்-150யோட அஞ்சரை அடி பெட்டும் ஒரே அளவுங்கறதால 2021க்கு அப்புறம் வந்த எஃப்-150க்கு பண்ற கேப் அப்படியே உக்காந்துடும், எலக்ட்ரிக்னு சொல்லி எவனாவது தனி விலை சொன்னா நம்பாதீங்க. ஐ-5 ஹைவேல ட்ரேசி தாண்டி கெட்டில்மன் சிட்டி வரைக்கும் ரோடு தட்டையா நேரா போகும், டெஸ்ட் பண்றதுக்குன்னே போட்ட மாதிரி. அங்க கேப் போடறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரே ஸ்பீடுல போய்ப் பாத்ததுல 2.1 இருந்தது 2.0க்கும் 2.1க்கும் நடுவுல எங்கயோ நிக்குது. அவ்ளோதான். காத்து எந்தப் பக்கம் அடிக்குதுங்கறதே இதை விட பெரிய வித்தியாசம் காட்டுது.

ஏன் இப்படின்னா, திறந்த பெட் பாக்கத்தான் காத்தை அள்ளி அள்ளித் தடுக்கற மாதிரி தெரியும். உண்மையில டெயில்கேட் (பெட்டோட பின்கதவு) மூடி இருந்தா பெட்டுக்குள்ள காத்து ஒரு சுழலா சுத்திக்கிட்டு அங்கயே நிக்கும், கேபின் மேல வழுக்கி வர்ற காத்து அந்தச் சுழலுக்கு மேலயே போயிடும். டெயில்கேட்டைத் தொறந்து போட்டா மைலேஜ் ஏறும்னு சொல்றது இதனாலதான் எடுபடாது, அந்தச் சுழல் கலைஞ்சுடுது. கேப் போட்டா மேல வழவழன்னு ஆகிடுது, அது லாபம். ஆனா பின்னாடி செங்குத்தா பொட்டி மாதிரி சட்டுன்னு முடியுது, அதுக்குப் பின்னால வண்டியை இழுத்துப் பிடிக்கற வெற்றிடம் பெருசாகுது, அது நஷ்டம். ரெண்டும் ஏறக்குறைய கழிஞ்சு போகுது. மைலேஜ் மட்டும்தான் குறின்னா பெட்டு மேல தட்டையா மூடற டானோ கவர் வாங்கிக்கங்க, இது ரெண்டையும் விட அது கொஞ்சம் பரவாயில்ல. கேபினை விட உசரமா எழும்பற கேப் மட்டும் வேற கதை, அது காத்துல மோதற பரப்பையே கூட்டுது, எலக்ட்ரிக் வண்டிக்கு அதை நான் சொல்லவே மாட்டேன்.

எடையைப் பத்தியும் ரொம்பக் கவலைப்படறாங்க. தட்டை ரோட்ல 200 பவுண்டுக்கு ஒரு சதவீதம் கூட போகாது.

இப்போ உண்மையான பிரச்சனைக்கு வர்றேன். கேப் வாங்கறப்பவே கடைக்காரர் கூரையில ட்ராக் (சாமான் மாட்டற தண்டவாளம்) போட்டுடலாம் சார்னு கேப்பார். ட்ராக் வந்தா குறுக்குக் கம்பி, அதான் க்ராஸ் பார் வரும், க்ராஸ் பார் வந்தா அது மேல ஒரு டென்ட் வரும், டென்ட் வந்தா ஒரு பக்கம் சுருட்டி வைக்கற நிழல் துணி, ஆனிங் வரும். நானும் எல்லாத்தையும் ஏத்தினேன். ரேஞ்சைத் தின்னது கேப் இல்ல, கேப்பை ஒரு பரண் ஆக்கி அது மேல ஏத்தின சாமான்தான். துணி மடிச்சு வைக்கற சாஃப்ட் ஷெல் டென்ட், ஆனிங்கோட, 70ல யூனிட்டுக்கு 1.6, காத்து எதிர்ல இருந்தா அதுக்கும் கீழ. 275 வர்ற இடத்துல 210. வெறும் க்ராஸ் பாருக்கே ஒரு சின்ன வெட்டு விழுது, அதோட 60க்கு மேல போனா விசிலடிக்கும், பின் சீட்ல பசங்க காதைப் பொத்திக்கிட்டு வருவாங்க.

இதுல ஸ்பீடோட வேலையைப் புரிஞ்சுக்கணும். காத்தோட தடை வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 65ல இருந்து 75க்குப் போனா வேகம் 15 சதவீதம்தான் கூடுது, காத்துக்குக் கொடுக்கற செலவு மைலுக்கு 33 சதவீதம் கூடுது. மேல டென்ட் இருக்கற வண்டிக்கு மொத்த செலவுல காத்தோட பங்கே பெருசுங்கறதால இந்த அடி இன்னும் பலமா விழும். அதே டென்டோட 60ல ரைட் லேன்ல லாரிங்களோட சேர்ந்து போனா 1.9 கிட்ட வந்துடுது. ஆனா ஐ-5ல 60ல போறதுக்கு ஒரு தனி மனசு வேணும், எனக்கு அது அரை மணி நேரத்துக்கு மேல நிக்காது.

பே ஏரியாக்காரங்களுக்கு இன்னொன்னு. 580 ஹைவேல ஆல்டமான்ட் பாஸ் தாண்டறப்போ காத்தாலை வரிசையா நிக்குதே, அது சும்மா நிக்கல. கோடைக்காலத்துல கடல் பக்கம் இருந்து உள்நாட்டுப் பள்ளத்தாக்குக்கு மேக்குக் காத்து வாங்கு வாங்குன்னு வாங்கும். போறப்போ முதுகுல தள்ளுது, நம்பர் பிரமாதமா இருக்கும், கேப் சூப்பர் டென்ட் சூப்பர்னு தோணும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் திரும்பறப்போ அதே காத்து நெத்தியில அடிக்கும். 70 மைல் வேகத்துல 15 மைல் எதிர்க்காத்துன்னா காத்தைப் பொறுத்தவரை நீங்க 85ல போறீங்க. அதனால ஒருவழி நம்பரை வெச்சு யாரும் முடிவு பண்ணாதீங்க, போய்ட்டு வந்த சராசரியைப் பாருங்க.

மலை ஏத்தம் இன்னொரு பெரிய ஐட்டம், இங்க டென்டுக்கு வேலையே இல்ல. வண்டி, நாங்க நாலு பேரு, தண்ணி, சாமான் எல்லாம் சேத்தா 7,700 பவுண்ட் சொச்சம் ஆகுது. ஓக்டேல் பக்கம் சமவெளியில இருந்து 120 ரோட்ல யோசெமிட்டி வழியா டியோகா பாஸ் 9,900 அடிக்கு மேல. அவ்ளோ எடையை அவ்ளோ உசரம் தூக்கறதுக்கு மட்டுமே 28 யூனிட் பக்கம் போகுது, மோட்டார் இழப்பையும் சேத்தா 30 தாண்டிடும், பேட்டரியில அஞ்சுல ஒரு பங்குக்கும் மேல. இதுல கேப்போட பங்கு முக்கால் யூனிட், அதாவது ஒன்னரை மைல். இறங்கறப்போ ரீஜென்ல (மோட்டாரே வண்டியைப் பிடிச்சு நிறுத்தி பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தறது) நல்ல பங்கு திரும்ப வருது, ஆனா ஏறி முடிக்கறதுக்கு முன்னாடி அந்தத் தெம்பு கையில இருக்கணும் இல்லையா. இதுல ஒரு நல்ல விஷயம், மேல போகப் போக ஸ்பீடு 45க்குள்ள வந்துடுது, காத்தும் லேசாகுது, 8,000 அடியில கடல் மட்டத்தை விட இருபது சதவீதத்துக்கும் மேல அடர்த்தி கம்மி. அதனால மேல டென்டோட நஷ்டம் ஏறக்குறைய மறைஞ்சே போயிடும், அது கொல்றது முழுக்க கீழ சமவெளி ஹைவேலதான். டென்ட் இல்லாம போனா ஏறறதுக்கு முன்னாடி ஒரு காஃபி நேரம் சார்ஜ் போதும், டென்டோட போனா உக்காந்து லஞ்ச் முடிக்கற வரைக்கும் போட்டாதான் நிம்மதி. டியோகா ரோடு பனிக்காலம் முழுக்க மூடி இருக்கும், பாத்துக்கிட்டு கிளம்புங்க.

கேம்ப் பண்ற இடத்துல ஆகற செலவைப் பத்தி எல்லாரும் பயப்படறாங்க, அது உண்மையில சில்லறை. என் வண்டியில 9.6 கிலோவாட் ப்ரோ பவர் (பேட்டரியில இருந்து வெளிய கரண்ட் எடுக்கற வசதி) இருக்கு, பெட்டுக்குள்ளயே நாலு சாதா ப்ளக், ஒரு 240 வோல்ட் ப்ளக். கேப் போட்டதுல எனக்குப் பெரிய லாபமே இதுதான், மழை பெஞ்சாலும் ப்ளக் நனையாது, உள்ள உக்காந்தே இண்டக்ஷன் அடுப்பு வெச்சு ரசம், குக்கர்ல சாதம், காலைல காஃபி. அரை மணி நேரம் ஃபுல்லா ஓடினாலும் ஒரு யூனிட் தாண்டாது. ஃப்ரிட்ஜ் நாள் முழுக்க ஓடினாலும் ஒரு யூனிட்டுக்குள்ளதான். ராத்திரி முழுக்க 1,500 வாட் ஹீட்டர் போட்டாதான் வலிக்கும், எட்டு மணி நேரத்துக்கு 12 யூனிட், கிட்டத்தட்ட 24 மைல். எலக்ட்ரிக் போர்வை போதும், அதுல பத்துல ஒரு பங்கு கூட ஆகாது. ஒன்னு மட்டும் கவனிங்க, ப்ளக் ஆன்ல இருக்கற வரைக்கும் வண்டியும் முழிச்சுக்கிட்டே இருக்கும், அதுக்குன்னு தனியா ஒரு செலவு போகும், அதனால தூங்கறப்போ தேவையில்லன்னா ஆஃப் பண்ணிடுங்க.

யோசெமிட்டி கேம்ப் கிரவுண்டுல கரண்ட் ஹூக்கப் கிடையாது, ஜெனரேட்டரும் காலைல 7-9, மத்தியானம் 12-2, சாயங்காலம் 5-7 மட்டும்தான் ஓட்டலாம். நம்ம டிரக் சத்தமே இல்லாம எட்டு மணிக்கும் சாதம் வடிச்சுக் கொடுக்குது, பக்கத்து சைட் ஆளுங்க வந்து எட்டிப் பாத்துட்டுப் போவாங்க. ஆனா கேப்புக்குப் பூட்டு இருக்குன்னு சாப்பாட்டை ராத்திரி அதுக்குள்ள வெச்சுடாதீங்க, கரடிக்கு ஃபைபர்கிளாஸ் எல்லாம் ஒரு தடையே இல்ல, அங்க இருக்கற இரும்பு லாக்கர்ல வைக்கணும்னு ரூலே இருக்கு.

பனிக்காலத்துல மலை ஊரான ட்ரக்கி பக்கம் போனா கேப்பும் இல்ல டென்டும் இல்ல, கேபின் ஹீட்டர்தான் தின்னுது. 2024 மாடல்ல இருந்து கம்மி கரண்ட்ல சூடு பண்ற ஹீட் பம்ப் வருது, என்னோடதுல இல்ல. சீட் ஹீட்டரைப் போட்டுக்கிட்டு கேபினைக் கொஞ்சம் குளுரா விடறதுதான் வழி, வீட்டம்மா ஒத்துக்கணும், அது தனிப் பிரச்சனை.

டேஷ்ல காட்டற மைல் கணக்கை சாமான் ஏத்தின அன்னைக்கு நம்பாதீங்க. அது நேத்து வரைக்கும் நீங்க எப்படி ஓட்டினீங்களோ அதை வெச்சுச் சொல்லுது, டென்ட் ஏத்தினது அதுக்குத் தெரியாது. கிளம்பறப்போ 290ன்னு காட்டும், அம்பது மைல் போறதுக்குள்ள எண்பது மைலை முழுங்கி இருக்கும். எலக்ட்ரிக் வண்டிக்கு வழியும் சார்ஜும் கணக்குப் போடற எ பெட்டர் ரூட் ப்ளானர் ஆப்ல ரெஃபரன்ஸ் கன்ஸம்ப்ஷன்னு (மைலுக்கு எவ்ளோ கரண்ட்) ஒன்னு இருக்கு, 65 மைல் வேகத்துக்கானது, அதுல டென்டோட வர்ற நம்பரைப் போட்டு ஒரு ப்ரொஃபைல், டென்ட் இல்லாம ஒன்னுன்னு வெச்சிருக்கேன், ரொம்ப கரெக்டா வருது.

சார்ஜிங்கைப் பொறுத்தவரை கேப்பால எந்தத் தொந்தரவும் இல்ல. ட்ரெய்லர் இழுத்தா கழட்டி வைக்கணும், இதுல அது இல்ல. 2024ல ஃபோர்டுக்கு டெஸ்லா ஸ்டேஷன் தொறந்து விட்டதுக்கு அப்புறம் கேம்பிங்கே மாறிடுச்சு, ஆனா பழைய தலைமுறை வி2 ஸ்டேஷன் நமக்கு வேலை செய்யாது, அடுத்து வந்த வி3ல இருந்துதான், ஆப்ல பாத்துக்கிட்டுப் போங்க. நமக்கு சார்ஜ் போர்ட் முன்னாடி டிரைவர் பக்கம், டெஸ்லா கேபிள் குட்டை, அதனால பக்கத்து ஸ்டாலையும் மறிச்சு நிக்க வேண்டி வரும், கூட்டமா இருந்தா முறைப்பாங்க, சிரிச்சு வையுங்க. பீக் நேரத்துல யூனிட்டுக்கு அரை டாலருக்கு மேல ஆகும், அந்த ரேட்ல 2.0ல இருந்து 1.6க்கு இறங்கறது பர்ஸுலயும் தெரியும்.

வாங்கறவங்க கேப் விக்கறவர்கிட்ட கூரை எவ்ளோ எடை தாங்கும்னு கேட்டா நிக்கறப்போ தாங்கற பெரிய நம்பரைச் சொல்லுவார், ஓடறப்போ தாங்கற நம்பரைக் கேளுங்க, அது ரொம்பக் கம்மியா இருக்கும். கதவு ஓரத்து மஞ்சள் ஸ்டிக்கர்ல பேலோடையும் (வண்டியில ஏத்தலாம்னு சொல்ற மொத்த எடை) பாருங்க, பெரிய பேட்டரி லைட்னிங்ல ஆளு, கேப், டென்ட், தண்ணின்னு ஏத்தினா அது வேகமா நிரம்பிடும். எனக்கு மாட்டிக் கொடுத்த கடையில முன்பக்க ரப்பர் சீலை ஒழுங்கா ஒட்டல, முதல் மண் ரோட்லயே பெட்டு முழுக்க புழுதி, நானே வாங்கி ஒட்டினதும் நின்னுடுச்சு. உள்ள படுக்கறதுன்னா அஞ்சரை அடிக்கு மேல இருக்கறவங்க மூலைக்கு மூலை படுக்கணும் இல்ல டெயில்கேட்டைத் தொறந்து வலை கட்டிக்கணும், சக்கர மேடு நடுவுல 50 இஞ்ச் இருக்கு, ரெண்டு பேருக்கு நெருக்கிப் போதும்.

டென்டோட உசரம் வீட்டு கராஜ் கதவுக்குள்ள போகாது, 150 பவுண்டை வாரா வாரம் ஏத்தி இறக்க ஆள் கிடையாது, மேலயே விட்டா ஆஃபீஸ் போறதுக்கும் அந்தச் செலவு. அதனால கழட்டிட்டேன். இப்போ கேப் மட்டும், கூரை மொட்டையா, பெரியவங்க ரெண்டு பேரும் பெட்டுல, பசங்களுக்குத் தரையில போடற டென்ட், மிச்ச சாமான் பின்னாடி ட்ரெய்லர் மாட்டற ஹிட்ச்ல ஒரு பொட்டியில. காத்து மோதாம வண்டி மறைவுலயே அந்தப் பொட்டி வர்றதால அதுக்கு ரேஞ்ச்ல ஒன்னும் தெரியல, திரும்ப 2.0. அடுத்து மண் ரோட்டுக்கும் ஆகற ஆல் டெரெய்ன் டயர் மாத்தலாமான்னு ஒரு ஆசை இருக்கு, டென்ட்ல மிச்சம் பண்ணதை அதுல விட்டுடுவோமோன்னு கணக்குப் போட்டுக்கிட்டே தள்ளிப் போடறேன். டென்ட் கராஜ் சுவத்துல சாஞ்சு கிடக்கு, 60ல ஓட்டற பொறுமை உள்ளவங்க யாராவது இருந்தா வந்து எடுத்துக்கங்க, ஆனிங் ஃப்ரீ.