சைன் வைக்க முதல் வாசிக்கத் தந்த பிசியோ கிளினிக்

2024 ஜனவரியில் ஸ்காபரோ கெனடி றோட்டில் சிவப்பு விளக்குக்கு நின்றுகொண்டிருந்தபோது பின்னால் வந்த வான் என் காரில் இடித்தது. கழுத்திலும் இடது தோளிலும் அடி. பத்து மாதம் இந்தக் கிளினிக்குக்குப் போய் வந்தேன். பிசியோ நல்ல கைராசிக்காரர், பொறுமைசாலி. இப்போது இடது கையால் அலுமாரியின் மேல்தட்டில் இருந்து டின் எடுக்கிறேன், அதுவே எனக்குப் போதும். ஆனால் நான் எழுத வந்தது இங்கே இன்சூரன்சுக்குப் பில் அனுப்புகிற விதத்தைப் பற்றி.

முதலில் வேறொரு இடத்துக்குத்தான் போனேன், பெயர் வேண்டாம். கோட்டைக் கழற்ற முதலே நாலு வெறும் போம்களை நீட்டி, "சைன் வையுங்கோ, மிச்சத்தை நாங்கள் நிரப்புவம்" என்றார்கள். வாசித்துப் பார்த்துத் தருகிறேன் என்றதற்கு, "காசு இன்சூரன்ஸ்தானே குடுக்குது, நீங்கள் ஏன் வாசிக்கிறியள்?" என்று கேட்டார்கள். எனக்கு நெஞ்சு திக்கென்றது. அந்தப் போமில் என் பெயரும் என் கையெழுத்தும் இருக்கும். பொய்த் தகவல் கொடுப்பது குற்றம் என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. எழும்பி வந்துவிட்டேன்.

இங்கே பில் வேலை பார்ப்பது ஒரு இளம் பிள்ளை. முதல் நாள் அரை மணித்தியாலம் என்னை இருத்தி வைத்து விளங்கப்படுத்தினா. இடித்தவனுடைய இன்சூரன்ஸ்தான் வைத்தியச் செலவைக் கட்டும் என்று நான் நினைத்திருந்தேன். "இல்லை அன்ரி, ஒன்ராறியோவில பிழை ஆரில எண்டாலும் உங்கட சிகிச்சைக்கு உங்கட கொம்பனிதான் குடுக்கும்" என்றா. கொம்பனியிடம் காசு கேட்கும் விண்ணப்பம், அதாவது ஓ.சி.எவ். 1 என்ற போம், கைக்கு வந்த நாளில் இருந்து 30 நாளுக்குள் திரும்பிப் போக வேண்டுமாம். அதை என்னையே வீட்டுக்குக் கொண்டுபோய் நிரப்பச் சொன்னா. விளங்காத இடங்களுக்கு மட்டும் பென்சிலால் புள்ளி போட்டுத் தந்தா.

அடுத்தது வேலையிட பெனிபிட். எங்கள் தொழிற்சாலையில் பிசியோவுக்கு வருடம் 500 டொலர் உண்டு. அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, அவவாகவே கேட்டா. எனக்கு விபத்து நடந்த நேரத்துச் சட்டப்படி அந்தக் காசை முதலில் எடுத்து முடித்து, மிச்சத்துக்குத்தான் கார் இன்சூரன்சுக்குப் பில் போக வேண்டும். இதில் எனக்கும் லாபம் இருந்தது. என்னைச் சிறு காயம் என்ற வகையில்தான் போட்டிருந்தார்கள், அதற்கு மொத்தமே 3,500 டொலர். வெளியில் இருந்து 500 வந்தால் அந்த 3,500 இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். இதைச் சொல்லித் தராத கிளினிக்கில் காசு முடிந்த பிறகுதான் ஆட்களுக்குத் தெரிய வருகிறது.

பன்னிரண்டு கிழமை முடிந்தும் தோள் சரிவரவில்லை. 2019இல் கழுத்துத் தேய்மானத்துக்கு எடுத்த எக்ஸ்ரேயும் குடும்ப வைத்தியரின் குறிப்பும் இருந்தன. விபத்துக்கு முந்திய பதிவு இருந்தால் சிறு காய வகையில் இருந்து வெளியே வரக் கேட்கலாம் என்று பிசியோ அவற்றையும் இணைத்து ஓ.சி.எவ். 18 எழுதினார். அது சிகிச்சைத் திட்டம். எத்தனை தரம், எத்தனை மணித்தியாலம், என்ன விலை எல்லாம் அதில் இருக்கும். அப்போதைய விதிப்படி பிசியோவுக்கு மணித்தியாலத்துக்கு 99.75 டொலருக்கு மேல் போட முடியாது, மசாஜுக்கு 58.19. இரண்டையும் எனக்குக் காட்டிய பிறகுதான் சைன் கேட்டார்கள். கொம்பனி பத்து வேலை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பதினோராம் நாளில் இருந்து பதில் வரும் வரைக்கும் திட்டத்தில் உள்ள சிகிச்சைக்குக் காசு கட்டியாக வேண்டும். அந்தப் பிள்ளை சுவர்க் கலண்டரில் பத்தாம் நாளுக்கு சிவப்பு வட்டம் போட்டா. ஒன்பதாம் நாள் பதில் வந்தது: பிசியோவுக்கு ஓம், மசாஜில் பாதி வெட்டு.

ஜூன் மாதப் பில்லைத்தான் நான் மறக்க மாட்டேன். அனுப்ப முதல் கணினித் திரையை என் பக்கம் திருப்பி வைத்தா. நான் வந்த நாட்கள் வரிசையாக இருந்தன. 11ஆம் திகதியும் இருந்தது. அன்று ஓவர்டைம் என்று போன் எடுத்து வராமல் விட்டேன். சொன்னவுடன் வரவுப் புத்தகத்தை எடுத்து விரலால் கீழே கீழே பார்த்தா. 11இல் என் சைன் இல்லை. அந்த வரியை அழித்து, மொத்தத்தைத் திரும்பக் கூட்டி, "சொறி அன்ரி, புக்கிங்கில இருந்து அப்பிடியே வந்திட்டுது" என்றா. அதற்குப் பிறகுதான் எச்.சி.ஏ.ஐ. என்ற இணைய முறை வழியாகப் பில் கொம்பனிக்குப் போனது. எவ்வளவு பெரிய விஷயம் இது! வராத நாளுக்குக் காசு போனால் அது எனக்கென்று வைத்த தொகையில் இருந்துதான் கழியும்.

கொம்பனியும் இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் எவ்வளவு கட்டியது, எவ்வளவு மிச்சம் என்று கணக்கு அனுப்பும். நானும் இவரும் சாப்பாட்டு மேசையில் அதை விரித்து, என் டயறியோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு தரமும் சரியாகவே இருந்தது. நீங்களும் அந்தக் கடிதத்தைப் பிரிக்காமல் லாச்சிக்குள் போடாதேங்கோ. இன்னொன்று: கார் இன்சூரன்சிடம் நேராகக் காசு வாங்கும் கிளினிக்குக்கு எவ்.எஸ்.ஆர்.ஏ. என்ற ஒழுங்குமுறை ஆணையத்தின் லைசென்ஸ் வேண்டும். அவர்களுடைய இணையப் பட்டியலில் தேடினேன், இந்தக் கிளினிக் இருக்கிறது.

குறையும் சொல்ல வேண்டும். பின்னேர நேரம் கிடைப்பது கஷ்டம், இரண்டு கிழமைக்கு முதலே கேட்டு வைக்க வேண்டும். போன் எடுத்தால் கன நேரம் அடித்துக்கொண்டே இருக்கும். வேலையிட பெனிபிட் கொம்பனியின் பதில் கடிதத்தை நாங்கள்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், நான் ஒரு தரம் பிந்தியதால் பில் ஒரு மாதம் தள்ளிப் போனது. பார்க்கிங் பின்பக்கம், பனி காலத்தில் வழுக்கும்.

பில் பற்றிக் கதைக்கிறதென்றால் செவ்வாய், வியாழன் பின்னேரம் நேரில் போங்கோ, அந்தப் பிள்ளை அப்போதுதான் இருப்பா. டயறியையும் கையோடு கொண்டுபோங்கோ.