பாலிஅனிலின் பிரைமர்: உப்புக்காற்றில் சில வருடங்கள்

தூத்துக்குடி உப்பளப் பக்கம் இரும்பு வேலை பார்ப்பவர்களுக்கு ரெட் ஆக்சைடு எவ்வளவு தாங்கும் என்று சொல்லவே வேண்டாம். ஒரு மழைக்காலம் போனால் வெல்டிங் ஓரத்தில் துரு எட்டிப் பார்க்கும். அதனால் பம்பு ஷெட்டின் ஆங்கிள் சட்டங்களில் பாதிக்கு பாலிஅனிலின் கலந்த எபாக்சி பிரைமரும் மீதிக்கு ஜிங்க் பிரைமரும் அடித்தோம். இரண்டுக்கும் மேல் பூச்சு ஒரே பாலியூரித்தேன்தான்.

தட்டையான பரப்பில் பாலிஅனிலின் நன்றாகவே நிற்கிறது. ஸ்பானர் உரசிய கீறலை ஒட்டிப் பெயிண்டைக் கத்தியால் நெம்பிப் பார்த்தேன். கீறலின் கோட்டில் மட்டும் லேசான பழுப்பு, அதைத் தாண்டி அடியில் துரு ஓடவில்லை. பாலிஅனிலின் மின்சாரம் கடத்தும் பாலிமர். இரும்பிலிருந்து எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு, இரும்பின் மேல் இறுக்கமான ஆக்சைடு படலம் உருவாக வைக்கிறது. பிறகு ஆக்சிஜன் பட்டதும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. 1985-இல் டிபெரி என்பவர் கந்தக அமிலத்தில் வைத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இதைக் காட்டினார். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்திலும் இதில் நிறைய ஆராய்ச்சி நடந்திருக்கிறது.

ஆனால் கீறல் வேறு, பெயர்ப்பு வேறு. கம்பி விழுந்து உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் உரிந்த இடத்தில் சுற்றிலும் கொப்புளம் கிளம்பி, அடியில் துரு ஊர்ந்துவிட்டது. அவ்வளவு இரும்பு வெளியே தெரிந்தால் எலக்ட்ரானை வாங்கும் பாலிமரின் கையிருப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும். அப்புறம் அதன் கடத்தும் தன்மையே எதிரியாகி, உப்பின் அயனிகள் படலத்தின் அடியில் பரவ வழிவிடும். ஜிங்க் அடித்த பக்கத்தில் இதே மாதிரி அடிபட்ட இடம் வெள்ளை பூத்துக் கிடந்ததே தவிர, துரு ஓரங்களைத் தாண்டவில்லை. ஜிங்க் தான் கரைந்து இரும்பைக் காக்கும். பாலிஅனிலினுக்கு அந்தத் தியாகம் தெரியாது.

இன்னொன்று, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தபோது மேல் பூச்சு இல்லாத ஒரு மூலையில் தெறித்தது. கரும்பச்சையாக இருந்த பிரைமர் அங்கே நீலமாகிவிட்டது. சுண்ணாம்பு மாதிரிக் காரம் பட்டால் பாலிஅனிலின் தன்னோடு சேர்ந்திருக்கும் அமிலத்தை இழந்து, மின்சாரம் கடத்துவதையும் விட்டுவிடும். மேல் பூச்சு இல்லாமல் விடாதீர்கள்.

டின்னின் அடியில் கட்டியாகப் படியும், நன்றாகக் கலக்க வேண்டும். ஒயர் பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு அடிப்பதாக இருந்தால் காசு தண்டம். பிளாஸ்டிங் செய்த, அதாவது மணல் மாதிரித் துகளைப் பீய்ச்சியடித்துச் சுத்தம் செய்த இரும்பில்தான் இதற்கு வேலை. பேனல் பெட்டி, கதவு மாதிரி அடி படாத இடத்துக்கு மறுபடி வாங்குவேன். போல்ட்டு, விளிம்பு, கடலைப் பார்த்த தூண் எல்லாவற்றுக்கும் ஜிங்க்தான்.