போக்கர் டேபிளிலிருந்து எழுவது: பல வருடப் பழக்கத்தில் எந்த ஏற்பாடு தேறியது?

2025 ஆகஸ்ட் 22 அன்று ஒன்றிய அரசின் ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. காசு வைத்து ஆடும் போக்கர் சீட்டாட்டத்துக்கு அதோடு முற்றுப்புள்ளி. என் போனில் இப்போது இருப்பது இலவசச் சிப் ஆட்டம் மட்டும்தான். ஆகவே எந்தச் செயலி நல்லது என்று பேசுவதில் இனி பிரயோசனமில்லை. ஆட்டத்தை நிறுத்துவதற்கு நான் வைத்துப் பார்த்த ஏற்பாடுகளில் எது எவ்வளவு தூரம் வந்தது என்று எழுதுகிறேன். இலவசச் சிப்புக்கும் நிறுத்த முடியாத அந்தத் தொல்லை அப்படியேதான் இருக்கிறது.

திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். சனிக்கிழமை வாரச் சம்பளம் போட்டுக் கணக்கு முடித்து வீடு வந்து சேர ஒன்பது, பத்து மணியாகிவிடும். அதற்கு மேல்தான் நோ லிமிட் ஹோல்டம் (பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லாத போக்கர் வகை), ஆறு பேர் டேபிள். சீட்டு வரும் முன்பே இரண்டு பேர் முறைவைத்துக் கட்டும் கட்டாயப் பந்தயம்தான் பிளைண்ட். அது சின்னதுதான், நேரம்தான் பெரிதாக ஓடும்.

எல்லோரும் முதலில் சொல்வது நஷ்ட வரம்பு. ஒரு பை-இன், அதாவது டேபிளில் உட்காரக் கொண்டுவந்த 100 பிக் பிளைண்ட் (இரண்டு பிளைண்டில் பெரியது) போனால் எழுந்துவிட வேண்டும். கணக்காகப் பார்த்தால் இந்த வரம்புக்குப் பெரிய அர்த்தமில்லை. நன்றாக ஆடுபவருக்கே 100 ஹேண்டுக்கு (ஒரு தடவை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு ஹேண்ட்) 5 பிக் பிளைண்ட் லாபம் நின்றால் பெரிய விஷயம். அதே 100 ஹேண்டில் வழக்கமான ஏற்ற இறக்கம் மட்டும் 80, 90 பிக் பிளைண்ட் வரும். ஆறு பேர் டேபிளில் மணிக்கு எழுபது ஹேண்ட் போல ஓடும். மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஒரு பை-இன் போயிற்று என்றால், நாம் மோசமாக ஆடினோம் என்றும் இல்லை, டேபிள் கெட்டது என்றும் இல்லை. கையில் இரண்டு ஏஸ், எதிராளியிடம் இரண்டு கிங், இருவரும் முழுப் பணத்தையும் உள்ளே தள்ளியாயிற்று. அப்போதும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு தடவை ஏஸ் தோற்கும். கார்டுக்கு ஞாபகம் கிடையாது.

ஆனால் எனக்கு உண்டு. ஒரு பை-இன் போன பிறகு, ஃபோல்ட் செய்ய (சீட்டைக் கீழே போட) வேண்டிய ஹேண்டையெல்லாம் 'என்னதான் வைத்திருக்கிறான், பார்த்துவிடலாம்' என்று கால் செய்யத் (எதிராளியின் பந்தயத்துக்குச் சமமாகக் கட்டத்) தோன்றும். அந்த ஒரு காரணத்துக்காக இந்த வரம்பை விடாமல் வைத்திருந்தேன். 2023 அக்டோபர் முதல் போடும் பணத்துக்கு 28 சதவீத ஜிஎஸ்டி வந்ததும் இன்னொரு காரணம் சேர்ந்தது. கம்பெனி சலுகைப் புள்ளி எதுவும் தராவிட்டால், நாம் கட்டும் 100 ரூபாயில் ஏறத்தாழ 22 ரூபாய் வரி. விட்டதைப் பிடிக்க மறுபடி பணம் போடுகிறவர் அடுத்த ஹேண்டைப் பார்க்கும் முன்பே அதை விட்டுவிட்டுத்தான் உட்காருகிறார். தானாகச் சிப் நிரப்பும் வசதியை முதல் வேலையாக அணைத்து வைத்தது இதனால்தான்.

லாப வரம்பு என் அனுபவத்தில் தேறவே இல்லை. கேட்க நன்றாக இருக்கும்: இவ்வளவு வந்தால் போதும், எழுந்துவிடு. என் சித்தப்பா பையன் சோமனூரில் தறி ஓட்டுகிறான். அவன் அந்தக் கட்சி. "ஏனுங்ணா, வந்தவரைக்கும் லாபம்னு எந்திரிச்சுப் போக வேண்டியதுதானுங்களே?" என்பான். அவனுடைய ஆட்ட விவரத்தை ஒருநாள் இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். ஜெயித்த இரவுகளெல்லாம் குட்டை, தோற்ற இரவுகளெல்லாம் நீளம். லாபம் வந்தால் அரை மணியில் கிளம்பிவிடுகிறான், நஷ்டம் வந்தால் ஈடுகட்டும் வரை உட்காருகிறான். அப்படியென்றால் தெளிவாக இருக்கும்போது குறைவாகவும், கலங்கியிருக்கும்போது அதிகமாகவும் ஆடுகிறான் என்றுதானே கணக்கு? பார்த்துவிட்டு, "அது செரிங்ணா, ஆனா ஜெயிச்ச காசோட தூங்கற தூக்கமே வேறங்ணா" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

விவரமானவர்கள் டேபிளைப் பார்த்து எழு என்பார்கள். சரியான யோசனைதான். தாராளமாக எல்லாவற்றுக்கும் கால் போடும் ஆள் ஒருவர் இருக்கும் வரை உட்காரலாம். அவர் போய்விட்டால் மிச்சம் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் காத்திருக்க, ஒவ்வொரு ஹேண்டிலும் நடுவில் சேரும் பந்தயப் பணத்திலிருந்து கம்பெனி தன் கமிஷனை எடுத்துக்கொண்டே இருக்கும். சமபலமானவர்கள் சேர்ந்து ஆடினால் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தோற்பார்கள். ஆனால் இதைக் கவனிக்கத் தெளிவு வேண்டும். அது போன பிறகுதான் எழுந்திருக்கும் யோசனையே வருகிறது.

செயலிக்குள்ளேயே இருந்த ஒரு சின்ன வசதியை இங்கே புகழ்ந்தாக வேண்டும். அடுத்த பிக் பிளைண்ட் வரும்போது தானாக வெளியேற்றிவிடும் டிக். பிக் பிளைண்டைக் கட்டிவிட்டு உடனே எழுவது வீண். கட்டியாயிற்று என்றால் அந்தச் சுற்று முழுக்கவும் ஆடிவிட்டு, மறுபடி கட்டும் முன் எழுவதுதான் சிக்கனம். அதைவிட முக்கியம், 'இன்னும் ஒரே ஒரு ரவுண்டு' என்பதற்கு உண்மையிலேயே ஒரு முடிவு கிடைக்கிறது. ஒரு தடவை டிக் போட்டால் போதும், நிறைவேற்றும் வேலையை செயலி பார்த்துக்கொள்ளும். டோர்னமென்ட்டில் இதெல்லாம் செல்லாது, பாதியில் எழ முடியாது. அதனால் எட்டு மணிக்கு மேல் தொடங்குகிற எதிலும் சேர்வதில்லை.

நேரத்துக்கு வருவோம். செயலியின் நினைவூட்டலை ஒரு தட்டில் மூடிவிடலாம், அலாரமும் அப்படித்தான். 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையத்தின் விதிகள் வந்தன. நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை காசாட்டம் கிடையாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஆடினால், அரை மணிக்கொரு தடவை எவ்வளவு நேரம், எவ்வளவு பணம் என்று திரையில் காட்ட வேண்டும். கம்பெனிகள் வழக்குப் போட்டன, ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் விதிகள் செல்லும் என்றது. எனக்கும் ஆரம்பத்தில் எரிச்சல்தான். வளர்ந்த ஆளுக்கு எப்போது தூங்குவது என்று அரசாங்கமா சொல்ல வேண்டும்? ஆனால் மில்லுச் சங்கு ஊதின மாதிரி 12 மணிக்கு எல்லோருக்கும் ஒன்றாக முடிந்தது. கெஞ்சிப் பேச ஆள் இல்லை, மூட பட்டனும் இல்லை. நான் பயன்படுத்தியதிலேயே உருப்படியாக வேலை செய்தது அதுதான். ஒரு குறை உண்டு. கடைசிக் கால் மணி நேரத்தில், விட்டதைப் பிடிக்கிறேன் என்று சிலர் வெறிகொண்டு ஆடுவார்கள். நான் பதினொன்றரைக்கே டிக் போட்டுவிடுவேன்.

இலவசச் சிப்புக்கு வந்த பிறகு நஷ்ட வரம்பு செத்துப்போயிற்று. தீர்ந்தால் செயலியே மறுபடி கொடுக்கிறது. எதைக் கொண்டு நிறுத்துவது? இப்போது நான் வைத்திருப்பது ஒரு கேள்விதான்: போன ஹேண்டில் எதிராளி என்ன கார்டு காட்டினார்? பதில் வரவில்லை என்றால் கை ஆடுகிறது, ஆள் ஆடவில்லை. காசாட்டமோ இலவசமோ, இந்தக் கேள்வியெல்லாம் தாண்டி நிறுத்தவே முடியவில்லை என்கிறவர்களுக்கு 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண் இருக்கிறது. தமிழ்நாடு ஆணையத்தின் அந்த விதிகளின்படி உள்நுழையும் பக்கத்திலேயே அந்த எண்ணையும் போடச் சொல்லியிருந்தார்கள்.

இப்போதைய செயலியில் பிக் பிளைண்ட் டிக் இல்லை. பிக் பிளைண்டுக்கு அடுத்த இடத்தில் இருந்து ஆடிய ஹேண்ட் முடிந்ததும் நானே வெளியேற வேண்டியிருக்கிறது. அந்த வசதியைக் கேட்டு எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.