பொத்தான் பேட்டரி தீர்ந்ததற்கு அரை மாதச் சம்பளம் கட்டினேன்: வீட்டுக்கு வந்து கணினி சரிசெய்யும் செயலிகளில் ஜாக்கிரதை

கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அரை மாதச் சம்பளம் போய்விட்டது. அதோடு தங்கையின் ஆய்வேட்டில் இரண்டு அத்தியாயங்களும் போயின. கணினி ஓடாவிட்டால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பத்து நாள் வெளியூர் போயிருந்தோம். திரும்பி வந்து கணினியைப் போட்டால் கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. சிமாஸ் செக்சம் என்று ஏதோ, கீழே எஃப்1 அழுத்தச் சொல்லி ஒரு குறிப்பு. அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்? அழுத்தினேன். உடனே நீலத்திரை, 'இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்'. தானாக அணைந்து எழும், பழுது பார்க்கிறேன் என்று சுற்றும், முடியவில்லை என்று கைவிரிக்கும், மறுபடி நீலத்திரை. விண்டோஸுக்கு முன்னாடியே ஓடும் பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் போய்ப் பார்த்தேன். தேதி பல வருடம் பின்னால் இருந்தது. பார்த்தேனே தவிர, அது என்ன சொல்கிறது என்று புரியவில்லை.

செல்போனில் தேடி, வீட்டுக்கே ஆள் அனுப்பும் செயலி ஒன்றில் பதிவு செய்தேன். பெயர் வேண்டாம், அந்த வகைச் செயலி என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்தவர் பெட்டியைத் திறக்கும் முன் மணிக்கட்டில் ஆன்டிஸ்டாட்டிக் பட்டை கட்டிக்கொண்டார், உடம்பின் நிலைமின்சாரம் பாகங்களைக் கெடுக்காமலிருக்க. அந்தப் பட்டையைப் பார்த்ததும் நான் விழுந்துவிட்டேன். தொழில் தெரிந்தவர் என்று மனசு முடிவு கட்டிவிட்டது. "டேட்டா முக்கியமா சார்?" என்று அவரேதான் கேட்டார். "தங்கச்சியோட தீசிஸ் இருக்கு, அதுதான் முக்கியம்" என்றேன். "கவலைய விடுங்க, அது என் பொறுப்பு" என்றார். தேதி பின்னால் போயிருப்பதையும் சொன்னேன். சிரித்துவிட்டு, "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார், போர்டு போயிருக்கு" என்றார்.

பெட்டியை எடுத்துப் போய் மறுநாள் கொண்டுவந்தார். மதர்போர்டு, அதாவது எல்லாப் பாகமும் இணையும் முதன்மைப் பலகை, அதை மாற்றியதற்கு, டேட்டா மீட்டதற்கு, கூலிக்கு என்று எல்லாம் சேர்த்து அரை மாதச் சம்பளம். ஓடியது, விண்டோஸ் வந்தது. வேலை முடிந்ததாக ஓடிபி கேட்டார், சொன்னேன். ஐந்து நட்சத்திரத்தை என் போனை வாங்கி அவரே அழுத்திக்கொண்டார். ஃபோல்டரைத் திறந்து பார்க்க எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

அவர் லிஃப்டில் இறங்கியிருப்பார், நான் டாக்குமென்ட்ஸைத் திறந்தேன். காலி. மீட்டது எதுவுமில்லை, கோப்புகள் இருக்கும் வட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் ஏற்றியிருக்கிறார். அவ்வளவுதான் வேலை.

போன் செய்தால் எடுக்கவில்லை. செயலியில் அரட்டைப் பெட்டி ஒன்று இருக்கிறது. "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று அது நான்கு முறை வருந்தியது. அப்புறம் ஒரு டிக்கெட் எண், 48 மணி நேரம் பொறுக்கச் சொன்னார்கள். பொறுத்தேன். ஒரு பெண் பேசினார்: "நீங்களே ஓடிபி கொடுத்திருக்கீங்க சார், அஞ்சு ஸ்டாரும் போட்டிருக்கீங்க." டேட்டாவுக்குப் பொறுப்பில்லை என்று விதிமுறையில் இருக்கிறதாம். மேலதிகாரி கூப்பிடுவார் என்றார். கூப்பிடவில்லை. டிக்கெட் 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டது.

இதற்கு மேல்தான் வயிற்றெரிச்சல். மூன்றாம் நாள் காலை எந்த இணையதளமும் திறக்கவில்லை, உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்கிறது உலாவி. மச்சான் வந்து பெட்டியைப் பார்த்தார். பின்பக்க யூஎஸ்பி துளை ஒன்றில் உள்நாக்கு இடப்பக்கம் வளைந்திருக்கும். போன வருடம் நானே வளைத்தது. அந்தத் துளை மதர்போர்டிலேயே பொருத்தியிருப்பது. அதே வளைவு அப்படியே இருக்கிறது! புது போர்டாம். உள்ளே சிஆர்2032 பேட்டரி, சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது. மின்சாரம் இல்லாதபோது தேதியையும் பயாஸ் அமைப்புகளையும் காப்பது இதுதான். 3 வோல்ட் இருக்க வேண்டியது, மச்சானின் மீட்டரில் 1.2 காட்டியது. மின்சாரமே இல்லாத பத்து நாளில் பயாஸ் அமைப்புகள் அழிந்து, மதர்போர்டு வட்டோடு பேசும் முறை (சாட்டா முறை என்பார்கள்) ஏஹெச்சிஐ என்பதிலிருந்து வேறொன்றுக்கு மாறியிருக்கிறது. அதனால்தான் விண்டோஸுக்குத் தன் வட்டே தெரியவில்லை. பேட்டரியை மாற்றி, அந்த ஒரு அமைப்பைத் திருப்பியிருந்தால் எல்லாம் இருந்த இடத்தில் இருந்திருக்கும். அதற்கா அரை மாதச் சம்பளம்?

மீட்பு மென்பொருள் போட்டுப் பார்த்தோம். எங்கள் வட்டு எஸ்எஸ்டி, சுழலும் தட்டு இல்லாத சிப் வகை. அதில் டிரிம் என்று ஒன்று உண்டு, அழித்த இடத்தை வட்டே காலி செய்துவிடும். சிக்கியது ஒன்றுமில்லை. தங்கை "பரவால்லண்ணா" என்றாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குத் தெம்பில்லை. திரையில் வரும் முதல் வரியைப் போட்டோ எடுங்கள். தேதி பின்னால் போயிருந்தால் முதலில் பேட்டரி. பெட்டியைக் கொடுக்கும் முன் வட்டைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளம் உள்ள பென்டிரைவிலிருந்து கணினியைத் துவக்கிக் கோப்புகளை எடுத்துவிடுங்கள். வட்டைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இருந்தால் அதைத் திறக்கும் 48 இலக்கச் சாவியை முன்பே எழுதி வையுங்கள். மாற்றியதாகச் சொல்லும் பழைய பாகத்தைக் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். கோப்புகளைத் திறந்து பார்க்காமல் ஓடிபி சொல்லாதீர்கள்.

டிக்கெட்டை மறுபடி திறந்திருக்கிறேன். இந்த முறை 72 மணி நேரமாம்.