டுப்ரோவ்னிக்கிலிருந்து மாண்டினீக்ரோ ஒருநாள் பேருந்துச் சுற்றுலா: பணம் கட்டும் முன் படியுங்கள்

ஷெங்கன் விசாவில், அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசாவில், குரோஷியா போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் விசாவில் ஒற்றை நுழைவு என்று இருந்தால் இந்த முதல் பத்தியையாவது படித்துவிடுங்கள். குரோஷியாவின் டுப்ரோவ்னிக் பழைய நகரத்தைச் சுற்றி எங்கு பார்த்தாலும் கோட்டோர், பெராஸ்ட், புத்வா என்று மாண்டினீக்ரோவின் கடற்கரை ஊர்களுக்கு ஒருநாள் பேருந்துச் சுற்றுலா விற்கிறார்கள். குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கனுக்குள் இருக்கிறது. மாண்டினீக்ரோ ஷெங்கனிலும் இல்லை, ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை. அங்கேயும் யூரோதான் புழங்குகிறது என்பதால் பலருக்கு இது தெரிவதில்லை. காலையில் எல்லை தாண்டியதுமே உங்கள் ஒற்றை நுழைவு தீர்ந்துவிடும். மாலையில் திரும்பி வர விட மாட்டார்கள். பெட்டி ஹோட்டலில் இருக்கும், ஊர் திரும்பும் விமானம் குரோஷியாவில் இருக்கும், நீங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் நிற்பீர்கள்.

இது கற்பனை இல்லை. நாங்கள் போன பேருந்தில் இது நடக்கவிருந்தது.

நான், கணவர், அம்மா மூவரும் போயிருந்தோம். எங்கள் விசாவில் பலமுறை நுழைவு இருந்தது. பின் இருக்கையில் ஈரோட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் இருவர், புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள். நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டதும் அந்தப் பெண் எட்டிப் பார்த்து, "அக்கா, நீங்க எந்த ஊரு?" என்று ஆரம்பித்தாள். எல்லை வருகிற வரைக்கும் ஒரே பேச்சு. அவர்களும் எங்களைப் போலவே பழைய நகரத்தின் பிலே வாசல் பக்கத்துக் கடை ஒன்றில்தான் சீட்டு வாங்கியிருந்தார்கள்.

குரோஷியப் பக்கத்துச் சாவடி கராசோவிச்சி. அங்கே கடவுச்சீட்டுகளைப் புரட்டிக்கொண்டே வந்த அதிகாரி இவர்கள் இருவரிடமும் நின்றுவிட்டார். வெளியேறும் முத்திரை குத்தும் முன்பே, "உங்களுக்கு ஒரு நுழைவுதான். இப்போது வெளியே போனால் திரும்ப வர முடியாது, தெரியுமா?" என்று கேட்டார். அந்த மனிதருக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். அவர் பேசாமல் குத்திக் கொடுத்திருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது.

அந்தத் தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. "நேத்து சாயங்காலம் பாஸ்போர்ட்டையே காட்டினோம்க்கா. சிங்கிள் என்ட்ரி, பரவாயில்லையான்னு விசா பக்கத்துல விரல வச்சுக் கேட்டோம். ஷெங்கன், ஓகே, நோ ப்ராப்ளம்னு சொல்லித்தான் காசு வாங்குனாரு." வழிகாட்டியைக் கூப்பிட்டோம். விசா பயணிகளின் பொறுப்பு, சீட்டின் பின்னால் அச்சடித்திருக்கிறது, விற்றவர் வேறு ஆள், தனக்குச் சம்பந்தம் இல்லை என்றார். அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கொடுங்கள் என்று என் கணவர் கேட்டதற்கு, பின்னால் வண்டிகள் நிற்கின்றன, இரண்டு நிமிடத்தில் முடிவு செய்யுங்கள் என்று மட்டும் சொன்னார். அவர்கள் இறங்கினார்கள். பேருந்து கிளம்பிவிட்டது. டுப்ரோவ்னிக்கிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளி, வெயிலில், சாலையோரத்தில் இரண்டு சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தது. டாக்சி பிடித்து 90 யூரோ கொடுத்து ஹோட்டல் திரும்பியதாக இரவு பேசும்போது சொன்னார்கள். சுற்றுலாப் பணம் திரும்ப வரவில்லை. "பயணி வரவில்லை" என்று கணக்கு எழுதியிருக்கிறார்கள். பேருந்தில் ஏறி உட்கார்ந்து எல்லை வரை வந்தவர்களைப் பற்றி எழுதிய கணக்கு அது.

விசாவில் "நுழைவுகளின் எண்ணிக்கை" என்ற இடத்தைப் பாருங்கள். 1 என்று இருந்தால் இந்தச் சுற்றுலா உங்களுக்கு இல்லை. 2 என்றோ பலமுறை என்பதைக் குறிக்கும் "மல்ட்" (MULT) என்றோ இருந்தால்தான் திரும்ப முடியும். 2 என்றால் வேறு எங்காவது ஏற்கெனவே வெளியே போய் வந்தீர்களா என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். மாண்டினீக்ரோவுக்குள் நுழைய இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். செல்லுபடியாகும் ஷெங்கன் விசா கையில் இருந்தால் அதை வைத்து 30 நாள் வரை அனுமதிக்கிறார்கள். விற்பவர்கள் "விசா ஓகே" என்று சொல்வது இந்தப் பாதி உண்மையை வைத்துத்தான். அந்தப் பக்கம் போவதற்கு ஓகே. திரும்பி வருவதைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை.

மோஸ்தார் சுற்றுலாவுக்கும் இதே கதைதான், அது போஸ்னியா, அதுவும் ஷெங்கனுக்கு வெளியே. குரோஷியாவின் இன்னொரு கடற்கரை நகரமான ஸ்பிளிட் போகும் பேருந்துகளிலும் எந்த வழி என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். 2022 ஜூலையில் பெல்யெஷாட்ஸ் பாலம் திறந்த பிறகு குரோஷியாவை விட்டு வெளியே போகாமலே ஸ்பிளிட் போகலாம். பழைய சாலை நெயும் என்ற ஊர் வழியாகப் போகிறது. போஸ்னியாவுக்கு இருக்கிற கடற்கரையே அந்தச் சின்னத் துண்டுதான். ஒற்றை நுழைவுக்காரர்களுக்கு அதுவும் எல்லை தாண்டுவதுதான். 2023க்கு முன் எழுதப்பட்ட பயணக் குறிப்புகளை இந்த விஷயத்தில் நம்பவே நம்பாதீர்கள், அப்போது குரோஷியாவே ஷெங்கனுக்கு வெளியே இருந்தது.

இனி எங்களுக்கு நடந்தது. ஆளுக்கு 65 யூரோ. துண்டுப் பிரசுரத்தில் போட்டிருந்தது: பெராஸ்டில் இறங்கிப் படகில் மாதா தீவு, படகுக் கட்டணம் உட்பட, கோட்டோரில் இரண்டரை மணி நேரம், கோட்டை மதில் ஏற நேரம் உண்டு, புத்வா பழைய நகரத்தில் ஒன்றரை மணி நேரம். அம்மாவுக்கு அந்தத் தீவின் மேல்தான் ஆசை. பெராஸ்டுக்கு எதிரே இருக்கும் அந்தத் தீவு இயற்கையாக உண்டானது இல்லை. 1452இல் கடலில் ஒரு பாறை மேல் மாதா படம் கிடைத்ததாகச் சொல்லி, ஊர் மாலுமிகள் கல்லைக் கொட்டி, பழைய கப்பல்களை மூழ்கடித்துத் தலைமுறை தலைமுறையாக உருவாக்கிய தீவு. இன்றும் ஜூலை 22 அன்று ஊரார் படகுகளில் கல் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். அம்மா பல வாரமாக அதைப் பற்றிப் படித்து வைத்திருந்தார்.

எல்லையில் குரோஷியச் சாவடி முடிந்ததும் டெபெலி ப்ரியெக்கில் மாண்டினீக்ரோ சாவடி. கோடையில் இரண்டிலும் சேர்த்து மணிக்கணக்கில் நிற்க வேண்டிவரும். இது தினமும் நடப்பது, விற்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பிரசுரத்தில் போட்ட நேரம் வரிசையே இல்லாத நாளின் நேரம். எல்லையில் போகிற ஒவ்வொரு நிமிடமும் ஊர்களிலிருந்துதான் வெட்டப்படும், அவர்களுடைய சாப்பாட்டுக் கடையிலிருந்து வெட்டப்படாது. 2025 அக்டோபரிலிருந்து ஷெங்கன் வெளி எல்லைகளில் நம்மைப் போன்ற வெளிநாட்டவர்களின் கைரேகை, முகப்படம் பதிவு செய்யும் முறையைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதனால் வரிசை சுருங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஹெர்ட்செக் நோவி என்ற ஊரைத் தாண்டியதும் வழிகாட்டி மைக்கை எடுத்தார். நேரமாகிவிட்டதாம், நம் வசதிக்காகப் படகுத்துறை வழியாகப் போகிறோமாம். வரைபடம் பார்த்தவர்களுக்கு இதன் அர்த்தம் உடனே புரியும். பெராஸ்ட் இருப்பது கோட்டோர் வளைகுடாவைச் சுற்றிப் போகும் சாலையில். கமெனாரியில் பேருந்தோடு படகில் ஏறி எதிரே லெபெட்டானேயில் இறங்கினால் பெராஸ்ட் மொத்தமாக விடுபட்டுப் போகும். படகு நடு நீரிணையில் போகும்போது அவர் கையை நீட்டி, "அதோ, அந்த இரண்டு தீவுகள்தான், படம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். தூரத்தில் இரண்டு புள்ளி. அம்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் படகுக்கு ஆளுக்கு 3 யூரோ என்று கையில் காசாக வசூல் வேறு. ரசீது கேட்டேன். பேருந்துக்கு மொத்தமாக ஒரு சீட்டுதான் தருவார்கள் என்றார். தீவுப் படகுக்குக் கட்டிய காசு எங்கே என்று கேட்டதற்கு, அலுவலகத்தில் கேளுங்கள் என்றார்.

கோட்டோரில் கிடைத்தது ஐம்பது நிமிடம். இது என் கைப்பேசிப் படங்களின் நேரத்தை வைத்துச் சொல்வது, அந்தக் கணக்கு பிறகு ரொம்பவும் உதவியது. மதில் மேல் கோட்டைக்கு ஏறத்தாழ 1,350 படி. நல்ல காலுள்ளவர்கள் ஏறி இறங்கவே ஒன்றரை மணி நேரமாவது ஆகும். ஐம்பது நிமிடத்தில் பத்து நிமிடத்தை ஒரு நகைக்கடை வாசலில் நிறுத்திக் கழித்தார்கள். 1166இல் அபிஷேகம் செய்யப்பட்ட தூய திரிஃபோன் பேராலயத்தை வெளியிலிருந்து பார்த்தோம். 1979 ஏப்ரல் நிலநடுக்கத்தில் இந்த ஊர் நொறுங்கிப்போய், அதே ஆண்டு யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்து, கல் கல்லாக எடுத்துக் கட்டிய ஊர். அதைப் பற்றி வழிகாட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

புத்வாவில் பேருந்து பழைய நகரத்துக்கு வெளியே, நெடுஞ்சாலையோர உணவகம் ஒன்றில் நின்றது. அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல். வேறெங்கும் நடந்து போகிற தூரத்தில் கடை இல்லை. ஒரே வகைச் சாப்பாடு, ஆளுக்கு 28 யூரோ. அம்மா சைவம் என்று முதல் நாளே எழுதிக் கொடுத்திருந்தோம். மீனை எடுத்துவிட்டு அடியில் இருந்த உருளைக்கிழங்கையும் கீரையையும் அதே தட்டில் அதே விலைக்குக் கொடுத்தார்கள். அம்மா ரொட்டியை மட்டும் தின்றார். பிறகு பழைய நகரத்தில் அரை மணி நேரம். புத்வாவுக்குப் பக்கத்துக் குட்டித் தீவான ஸ்வேதி ஸ்தெஃபான் "படம் எடுக்க நிறுத்தம்" என்று பிரசுரத்தில் போட்டிருந்தது. அந்தப் பக்கமே போகவில்லை.

ஒருநாள் பயணம்தானே, போனால் போகிறது என்று பலர் விட்டுவிடுவார்கள். இந்தத் தொழில் நடப்பதே அதை நம்பித்தான். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: ஐரோப்பிய ஒன்றியத்தில் தொகுப்புச் சுற்றுலாப் பயணிகளைப் பாதுகாக்க 2015ஆம் ஆண்டின் நெறிமுறை ஒன்று உண்டு. விசா பற்றி விற்பவரே முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. ஆனால் இரவுத் தங்கல் இல்லாமல் 24 மணி நேரத்துக்குள் முடியும் பயணத்துக்கு அது பொருந்தாது. காலையில் போய் இரவு திரும்பும் சுற்றுலா அந்தக் குடைக்கு வெளியே நிற்கிறது. ஆகவே உங்கள் கையில் இருக்கும் காகிதம்தான் உங்களைக் காப்பாற்றும்.

வங்கி அட்டையில் கட்டுங்கள். காசாகக் கட்டினால் பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கியில் தாவா எழுப்ப வழியே இல்லை. அந்தப் பிள்ளைகள் மாட்டியது அப்படித்தான். பிரசுரத்தைப் படம் எடுத்து வையுங்கள். விசா பற்றியும், எந்த ஊரில் எவ்வளவு நேரம், பெராஸ்டில் இறங்குவார்களா என்பது பற்றியும் வாட்ஸ்அப்பில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். வாயால் மட்டும் சொல்கிறவரிடம் வாங்காதீர்கள். உரிமம் பெற்ற முகமைக்கு அடையாளக் குறியீடு இருக்கும், ரசீதில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒற்றை நுழைவு விசாதான், ஆனாலும் கடற்கரை ஊர் பார்க்க வேண்டும் என்றால் குரோஷியாவுக்குள்ளேயே ஸ்டோன், கோர்ச்சுலா, பக்கத்திலேயே ட்சவ்டாட் எல்லாம் இருக்கின்றன. எல்லையே தாண்ட வேண்டாம். பலமுறை நுழைவு உள்ளவர்கள் டுப்ரோவ்னிக்கின் க்ரூஷ் பேருந்து நிலையத்திலிருந்து சாதாரணப் பேருந்தில் கோட்டோர் போய் ஓர் இரவு தங்குங்கள். எல்லை வரிசை அதற்கும் உண்டு, ஆனால் ஊரில் இருக்கும் நேரம் உங்களுடையது. பெராஸ்டுக்கு அங்கிருந்து உள்ளூர்ப் பேருந்து ஓடுகிறது.

எழுத்தில் புகார் கொடுத்தோம். குரோஷியாவில் கடைக்காரர் எழுத்துப் புகாருக்கு 15 நாளில் எழுத்தில் பதில் தர வேண்டும் என்பது நுகர்வோர் சட்டம். வந்த பதில், அடுத்த பயணத்தில் ஆளுக்கு 10 யூரோ தள்ளுபடி. மறுத்துவிட்டு, பிரசுரத்தின் படத்தையும் கைப்பேசிப் படங்களின் நேரப் பட்டியலையும் வைத்து வங்கியில் தாவா போட்டோம். கட்டியதில் பாதிக்குச் சற்று மேல் திரும்பி வந்தது. ஈரோட்டுப் பிள்ளைகளுக்கு இதுவரை ஒரு யூரோகூட வரவில்லை. எல்லையில் நடந்ததை நேரில் பார்த்த சாட்சியாக நானும் கணவரும் கையெழுத்துப் போட்ட கடிதத்தை அந்த முகமைக்கும் குரோஷிய அரசு ஆய்வுத் துறைக்கும் அனுப்பியிருக்கிறோம். பதில் வந்தால் இந்தப் பதிவிலேயே சேர்க்கிறேன். இதே வழியில் ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நாங்கள் எழுதிய புகாரின் வாசகத்தை அப்படியே தருகிறேன்.